வெட்டுவதற்கென்றே எழுதிய வரி

சரளைக் குவாரியில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் ஆமையக்கா. டிப்பர் ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர் அது. அவளுக்கும் தெரியும், ஆனால் கோபம் வரவில்லை. பத்து வருடமாகக் குளம் குட்டை என்று இடுப்பளவு சேற்றில் இறங்கி ஆமை பிடித்து, ஓட்டின் விளிம்பை அரத்தால் ராவி அடையாளம் போட்டு, எடை பார்த்துத் திரும்ப விடுகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள், மயிலக்கா என்றா?

எங்காவது புதிதாகப் பள்ளம் தோண்டப் போகிறார்கள் என்றால், அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, தோண்டினால் அவற்றுக்கு என்ன ஆகும், அந்தக் கேட்டை எப்படிக் குறைக்கலாம் என்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. குறைக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தடுக்கிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பியவர்களை அடுத்த தடவை யாரும் கூப்பிடுவதில்லை.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே வாய் திறக்க மாட்டார்கள். அறிக்கையின் கடைசியில் 'செய்ய வேண்டியவை' என்று ஒரு பட்டியல் வரும். பதினாறு வேண்டும் என்றால் இருபது எழுதுவார்கள். ஏனென்றால் குவாரிக்காரர்கள் நாலையாவது வெட்டாமல் விட மாட்டார்கள், அது அவர்களுக்கு ஒரு கௌரவம். வெட்ட ஒன்றும் அகப்படாவிட்டால் வெட்டக் கூடாததில் கை வைத்துவிடுவார்கள். அதனால் வெட்டுவதற்கென்றே நாலு வரி எழுதி, கூட்டத்தில் அந்த நாலுக்காகக் கொஞ்சம் மல்லுக்கட்டி, முகத்தைத் தொங்கப்போட்டு, கடைசியில் "சரி, உங்களுக்காக" என்று விட்டுக்கொடுத்தால் மீதிப் பதினாறும் சேதாரமில்லாமல் தேறும். அவளுக்கு இதில் நல்ல கைத்தேர்ச்சி.

அறிக்கைகளைத் தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுத் தருகிறவள் அவளுடைய நாத்தனார். கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை, மாடியில் வீடு. நாத்தனாரின் அண்ணன், அதாவது அவள் கணவர், கப்பல் வேலையில் வருடத்துக்கு எட்டு மாதம் கடலில். அண்ணியும் நாத்தனாருமாகத்தான் வீட்டை ஓட்டுகிறார்கள்.

"இந்தத் தடவ பலிக்கு எந்த நாலு அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார், பட்டியலைத் தட்டிக்கொண்டே.

"பதினேழிலிருந்து இருபது வரைக்கும்."

"பதினேழு நல்லாத்தானே இருக்கு? ஆமைக்கு நிழல் கூடு. பாவம், படிக்கவே குளுகுளுன்னு இருக்கு."

"அதான் போட்டேன். வெட்டும்போது அவங்களுக்கே கொஞ்சம் உறுத்தணும். அப்பதான் மத்ததுக்குச் சரின்னு சொல்லுவாங்க."

சமர்த்து! இப்படிப்பட்ட சமர்த்து எதிரிக்குக்கூட வரக் கூடாது.

குவாரி வடக்கே விரியப் போகிற இடத்தில் ஒரு குட்டை இருந்தது. அதில் நாற்பத்து மூன்று ஆமைகள். குட்டையை மூடத்தான் போகிறார்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை. அதனால் ஒரு கிலோமீட்டர் தள்ளி, லாரிகள் போகும் சாலைக்கு அப்புறம், புதுக் குளம் வெட்டி ஆமைகளை அங்கே மாற்றுவது என்று முடிவாயிற்று. ஆனால் ஆமைக்கு விலாசம் மாற்றினால் பிடிக்காது. மழை விழுந்ததும் பிறந்த குட்டையைத் தேடி நடையைக் கட்டிவிடும். நடுவில் லாரிச் சாலை. நாளுக்கு இருநூறு நடை ஓடும் டிப்பர்களின் சக்கரத்தில் போய் விழும். அதற்காகத்தான் சாலை ஓரமாக அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, முழங்கால் உயரத்தில் தகர வேலி.

மேனேஜர் நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக எழுந்துபோக இந்தக் கதையில் வழியில்லை. கூட்டத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பதினேழாவது வரியில் நின்றார்.

"நிழல் கூடு... ஆமைக்கு வீடு கட்டித் தரணுமா மேடம்?"

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"வீடெல்லாம் இல்ல சார். உடைஞ்ச சிமென்ட் குழாயைப் பாதியாப் பிளந்து, வேலியோரமா இருபது அடிக்கு ஒண்ணு கவுத்து வெச்சாப் போதும். வெயில் ஏறினா உள்ள நுழைஞ்சுக்கும்."

"இருபது அடிக்கு ஒண்ணுன்னா எண்பதுக்கு மேல வருமே. பக்கத்துலேயே குளம் வேற வெட்டித் தர்றோம். வெயில் அடிச்சா தண்ணிக்குள்ள போகாதா?"

போகும் என்றுதான் அவளும் நினைத்தாள். நிழல் கூடு அவள் எங்கோ ஒரு கட்டுரையில் பார்த்தது. வறண்ட நாட்டு ஆமையைப் பற்றிய கட்டுரை. குளத்து ஆமைக்கு அது தேவைதானா என்று அவளுக்கே சந்தேகம் இருந்ததால்தான் வெட்டுப்படும் பட்டியலில் சேர்த்திருந்தாள்.

"சரி சார், அதை எடுத்துக்குங்க" என்றாள், முகத்தைச் சரியான அளவுக்குத் தொங்கப்போட்டு. "ஆனா வேலி முக்கால் அடி மண்ணுக்குள்ள இறங்கணும். வண்டி வேகம் இருபதைத் தாண்டக் கூடாது. இதுல மட்டும் கை வைக்காதீங்க."

"வைக்கல மேடம். நீங்க சொன்னா சரி." சிவப்புப் பேனா பதினேழின் மேல் ஒரு கோடு இழுத்தது.

அன்றைக்கு அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலு கொடுத்துப் பதினாறு வாங்கி வந்திருந்தாள். அந்தப் பதினாறையும் மேனேஜர் சொன்ன சொல் தவறாமல் செய்தும் காட்டினார். புதுக் குளம் வெட்டியாயிற்று. வேலிக்காக இரண்டு பக்கமும் புதர்களைச் சீவிச் சுத்தமாகத் துடைத்து, தகரத்தை அளவெடுத்தது போல் முக்கால் அடி புதைத்தார்கள். ஒரு காலையில் ஓட்டுநர்கள் எல்லோரையும் மரத்தடியில் உட்கார வைத்து அவள் அரைமணி நேரம் பாடம் கூட எடுத்தாள். ஆமை சாலையில் வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம். "அசையாம வெயில்ல கிடந்தா பயப்படாதீங்க, அது குளிர் காயுது. தொட்டுத் தூக்கித் தொந்தரவு பண்ணாதீங்க" என்றும் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

வறட்சி மாதத்தில் குட்டை சுண்டியிருந்தபோது நாற்பத்து மூன்றையும் பிடித்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதுக் குளத்தில் விட்டாள். ஒன்றுவிடாமல் எல்லாம் நீந்திப் போயின. ஆறு வாரம் எந்த வம்பும் இல்லை.

பிறகு ஒருநாள் நல்ல மழை பெய்தது. ஒரே நாள்தான். மறுநாளிலிருந்து வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் அப்போது வேறொரு ஊரில், வேறொரு பள்ளத்துக்கு வௌவால் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து பார்ப்பதாகத்தான் ஒப்பந்தம். மழை பெய்து ஆறாவது நாள் காலையில் தண்ணி லாரிக்காரர் கூப்பிட்டார். புழுதி அடங்கச் சாலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகிறவர் அவர். அவர் இருக்கை உயரத்திலிருந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் தெரியும்.

"மேடம், ஆமையெல்லாம் வேலியோரமா வெயில் காயுது மேடம். நாலு நாளாப் பாக்குறேன். நீங்க தொடாதீங்கன்னு சொன்னீங்கள்ல, அதான் தொடல. ஆனா இன்னிக்கு ஒரு மாதிரி வாடை வருது."

 வௌவால் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

வேலியோரம் ஒரு பாதை விழுந்திருந்தது. ஒரு சாண் அகலம், மண் இறுகிப் பளபளவென்று. யாரும் போட்ட பாதை இல்லை. ஆமைக் கால்கள் நடந்து நடந்து போட்டது. வேலியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய், திரும்பி, மறுபடி போய். வாசல் எங்காவது இருக்கும் என்று தேடியிருக்கின்றன. குட்டை அந்தப் பக்கம் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும், இவ்வளவு கிட்டத்தில் வந்த பிறகு எப்படித் திரும்புவது? பின்னால் முந்நூறு அடியில் குளம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. புதர்களைச் சீவிவிட்டதால் தலை நுழைக்க ஒரு பொட்டு நிழல் கிடையாது. தகரத்தில் கையை வைத்தாள், சுட்டது.

அந்தப் பாதையிலேயே ஒன்றன் பின் ஒன்றாகக் கிடந்தன. கழுத்து நீண்டு, கால்கள் நீண்டு, நடந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிட்டவை. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பி விளிம்பில் இருந்த அடையாளத்தைத் தடவிப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனாள். ஒன்பது. பதினான்கு. முப்பத்தொன்று. முப்பத்தொன்று வயிறு நிறைய முட்டையோடு இருந்த பெண் ஆமை. பிடித்த அன்று அவள் கையைக் கடித்து ரத்தம் பார்த்துவிட்டது. "அடி ராட்சசி" என்று செல்லமாகத் திட்டியபடி சாக்கில் சுற்றியது ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தண்ணி லாரிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இறந்தவை முப்பத்தொன்று என்று நினைத்துவிடாதீர்கள், அது அதன் நம்பர். இறந்தவை இருபத்தெட்டு. ஆறு உயிரோடு இருந்தன. மீதி ஒன்பது குளத்தை விட்டுக் கிளம்பியிருக்கவில்லை. அவற்றுக்கு லாரியிலிருந்து தண்ணீரைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள். மாலைக்குள் அவற்றில் நாலு போய்விட்டன.

"நிழல் வேணும்" என்றாள். "ஏதாவது குழாய், உடைஞ்ச குழாய் எங்கயாவது கிடைக்குமா?"

"குழாயா? நம்ம பட்டறைக்குப் பின்னாடி மலையாக் கொட்டிக் கிடக்குதே மேடம். போன வருஷத்திலிருந்து அங்கதான் கிடக்குது."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருவருமாகச் சேர்ந்து இருட்டும்வரை குழாய்த் துண்டுகளைக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள்.  வேலியோரம் உயிரோடு மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு.

மறுநாள் மேனேஜர் அறையில் கண்காணிப்புப் படிவத்தை மேசையில் வைத்தாள். ஒரு பக்கப் படிவம். அதில் ஒரே ஒரு கட்டம்தான்: வாகனம் மோதி இறந்த விலங்குகள்.

மேனேஜர் நிஜமாகவே கலங்கிப்போயிருந்தார். தேநீரைக் குடிக்காமல் ஆறவிட்டார். "எனக்கு மனசே சரியில்ல மேடம். ஆனா படிவத்துல கேட்டிருக்கிறது வண்டி மோதினது. அது பூஜ்யம்தானே? நீங்க பொய் எழுத வேண்டாம். கேட்டதுக்குப் பதில் எழுதுங்க, போதும்."

"ஆத்துக்கு அக்கரையில அடுத்த பள்ளம் வருது சார்."

"ஆமா. உங்களைத்தான் கூப்பிடணும்னு நெனச்சிருக்கேன். இதே வேலி, இதே மாதிரி எல்லாம்."

 ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சதுப்பில் அவள் முன்பு ஒருமுறை ஆமைகளை எண்ணியிருக்கிறாள். நூற்றுப் பத்துக்குக் குறையாது. பூஜ்யம் என்று கையெழுத்துப் போட்டால், வெற்றிபெற்ற வேலி என்று இதே வேலி அங்கேயும் வரும். நிழல் இல்லாமல்தான் வெற்றி கிடைத்தது என்று ஆகிவிடும். இருபத்தெட்டும் நாலும் முப்பத்திரண்டு, அங்கே நூறாகும்.

அவள் படிவத்தில் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து தனியாக நாலு பக்கம் எழுதினாள். ஒளிவு மறைவு கிடையாது. நிழல் கூட்டை வெட்டச் சம்மதித்தது தான்தான் என்று, வெட்டுவதற்கென்றே அதைச் சேர்த்திருந்தாள் என்றுகூட எழுதினாள். அந்த வேலையில் யாரும் இதுவரை எழுதாத வாக்கியம் அது. 'முப்பத்திரண்டு ஆமைகளின் சாவுக்கு வேலியே காரணம்' என்று தொடங்கி, அது எப்படி நடந்தது, நிழல் இருந்தால் எப்படித் தவிர்த்திருக்கலாம், அக்கரையில் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த நாத்தனார் பாதியில் கையை எடுத்தாள். "அண்ணி, இதுக்கப்புறம் உங்களுக்கு எவன் வேலை தருவான்? உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்குறீங்க."

"போட்டுக்கறேன். நூத்திப் பத்து உயிர் மேல விழறதுக்கு என் மேல விழட்டும். நீ டைப் அடி."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்து முடித்தாள். அறிக்கை குவாரிக்கும் போயிற்று, அனுமதி தரும் அலுவலகத்துக்கும் போயிற்று.

அதற்குப் பிறகு நாலு மாதம் ஒரு பேச்சு மூச்சு இல்லை. வேலையும் வரவில்லை. வௌவால் பள்ளத்துக்காரர்கள்கூட வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மாணவர்களின் புத்தகங்களுக்கு அட்டை போட்டாள். ராத்திரி படுத்தால் அந்தப் பளபளத்த பாதைதான் கண்ணுக்குள் ஓடும். ஆனால் ஒரு ஆறுதல் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அக்கரையில் இனி நிழல் இல்லாமல் வேலி போட முடியாது. ஆடின ஆட்டத்துக்கு ஒன்றையாவது உருப்படியாகச் செய்துவிட்டோம் என்று அந்த ஒற்றை நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள்.

ஒரு பகலில் நாத்தனார் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"அண்ணி, குவாரிக்காரங்க ஒரு வேலை அனுப்பியிருக்காங்க. இருபது பிரதி. அக்கரைப் பள்ளத்தோட அறிக்கை. வேற யாரோ எழுதினது." தாளில் விரலை வைத்தாள். "உங்க பேரு இருக்கு."

சூடாக வெளியே வந்துகொண்டிருந்த தாள்களில் ஒன்றை அவள் எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தோராம் பக்கம். 'இத்துறையில் பத்தாண்டு அனுபவம் உள்ள வல்லுநர், முப்பத்திரண்டு ஆமைகளின் சாவுக்கு வேலியே காரணம் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளார். எனவே இத்திட்டத்தில் வேலி தவிர்க்கப்படுகிறது. ஆமைகளை இடம் மாற்றுவதும் தேவையில்லை. சாலையில் நான்கு எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்படும்.' கீழே அவள் பெயர், அறிக்கையின் தேதி, பக்க எண் எல்லாம் பிழையில்லாமல்.

அவள் மேனேஜரைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினாள்.

"மேடம்! நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் அவர். குரலில் அத்தனை பிரியம். "உங்க அறிக்கையை ரெண்டு தடவ படிச்சேன். ரெண்டாவது தடவ கண்ணு கலங்கிடுச்சு. இனிமே நம்ம பள்ளம் எதுலயும் வேலியே கூடாதுன்னு நான்தான் மேலிடத்துல சண்டை போட்டு வாங்கினேன்."

"சார், வேலி வேணும் சார். வேலி இல்லாட்டி எல்லாம் சக்கரத்துல போயிடும். நிழல் வெக்கணும்னுதானே எழுதினேன்?"

"வேலியே இல்லைன்னா நிழல் எதுக்கு மேடம்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.  இருபது வரி எழுதி நாலை விட்டுக்கொடுக்கத் தெரிந்தவளுக்கு, ஒரே ஒரு வரியை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றுவது எப்படி என்று தெரியவில்லை.

"அனுமதி..." என்றாள் கடைசியில்.

"கிடைச்சாச்சு மேடம், உங்க பேரு இருந்ததாலதான் ஒரு கேள்வி கேக்கல. திங்கட்கிழமையிலிருந்து வண்டி ஓடுது. மழைக்கு முன்னாடி முடிச்சிடணும் பாருங்க."

மழைக்கு முன்னாடி முடியாது. அவளுக்கு அது தெரியும். தொலைபேசியை வைத்துவிட்டு அனுமதி தரும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். அதிகாரி கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுபடி கூப்பிட்டாள். கடிதமாக எழுதித் தரச் சொன்னார்கள், முப்பது வேலை நாளில் பதில் வரும் என்றார்கள். முந்தின அறிக்கையை மறுப்பதென்றால் அதை எழுதியவரிடமிருந்தே கடிதம் வேண்டுமாம். எழுதியது நான்தான் என்றாள். அப்படியென்றால் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று எதிர்முனையில் பேசிய பெண் நியாயமாகத்தான் கேட்டாள்.

கடையில் இயந்திரம் நின்றிருந்தது. இருபது பிரதிக்கான தாள்களும் மேசையில் அடுக்கடுக்காக இருந்தன. நாத்தனார் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பைண்ட் பண்ணட்டுமா அண்ணி, இல்ல திருப்பி அனுப்பிடவா?"

"திருப்பி அனுப்பினா?"

"எதிர்க் கடையில போடுவாங்க."

"அப்ப போடு."

நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது, பக்கங்களை வரிசைப்படுத்த முடியவில்லை. அண்ணி அவளை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றிலிருந்து அறுபது வரை எடுத்துச் சேர்த்து, தட்டிச் சமன் செய்து, துளை போடக் கொடுத்தாள். பிறகு அடுத்தது. நாற்பத்தோராம் பக்கம் இருபது தடவை அவள் கைக்கு வந்தது.